சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் சேர்ந்து இருப்பவர்கள் ரத்த ஓட்டத்தைச் சோதித்துக்கொள்வது எப்படி?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் கோப்பில் இரண்டு வரிகள் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7-க்கு மேல்; வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஈரலில் கொழுப்பு இருக்கிறது. முதல் வரிக்கு மாத்திரை எழுதித் தருவார்கள். இரண்டாவது வரிக்கு ‘எண்ணெயைக் குறைங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டுமே ரத்த ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியவை என்பதும், அந்தக் கெடுதலைக் காலிலும் ஈரலிலும் அளந்து பார்க்க எளிய வழிகள் உண்டு என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

கால் வலிக்கவில்லை, எஸ்ஜிபிடி (ஈரலுக்கான ரத்தச் சோதனை) நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனால் ரத்தம் போகாத காலும் வலிக்காது. ஈரலில் வடு ஏறிய பிறகும் எஸ்ஜிபிடி நார்மலாகவே இருக்கலாம். அதனால் இந்த இரண்டையும் ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது. வேறு எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறோம்.

குழாய்க்குள் நடப்பது

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடுதான் குழாயைத் தளர்த்தி, வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு ரத்தத்தை விடுகிறது. சர்க்கரை பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்தால் இந்தச் சுரப்பு குறையும். விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரியாது. கூடவே தமனியின் நடு அடுக்கில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு அடைப்பு அதிகம் விழுவது முழங்காலுக்குக் கீழே ஓடும் மெல்லிய தமனிகளில்.

ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு ஈரல் தமனி வழியாகவும் வந்து சேரும். இரண்டும் கலந்து, சைனுசாய்டு எனப்படும் நுண்ணிய இடுக்குகள் வழியே ஈரல் செல்களை ஒட்டிக்கொண்டு போகும். கொழுப்பு ஏறிய செல்கள் பருத்து அந்த இடுக்குகளை நெருக்குகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் இரு பக்கக் கடைகளும் சரக்கை வெளியே பரப்பினால் நடுவில் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சுமோ, அந்த நிலைதான். அடுத்த கட்டத்தில் இடுக்குச் சுவரின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும், ஸ்டெல்லேட் செல்கள் நார்ப்பொருளைச் சுரக்கும், ஈரல் கெட்டிப்படும். வழியில்லாத ரத்தம் போர்ட்டல் சிரையில் தேங்கி அழுத்தத்தை ஏற்றும். போர்ட்டல் சிரைக்கும் ஈரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் இயல்பாக 1 முதல் 5 மி.மீ. பாதரசம்தான். அது 10-ஐத் தொட்டால் உணவுக்குழாயில் சிரைகள் புடைக்கத் தொடங்கலாம். 12-ஐத் தாண்டினால் அவை வெடித்து ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு.

இரண்டு நோய்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கொழுப்பு ஏறிய ஈரல் இன்சுலினுக்கு அடங்காமல் இரவு முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விடும். ராத்திரி இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் 170 காட்டுகிறதே என்று குழம்புகிறவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். அதே ஈரல் ட்ரைகிளிசரைடையும், ரத்தம் உறைவதைத் தூண்டும் புரதங்களையும் அதிகமாக அனுப்பும். அவை இதயத் தமனியையும் கால் தமனியையும் கெடுக்கும். ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் ஈரல் நோயைவிட இதய, ரத்தக்குழாய் நோயால்தான் அதிகம் இறக்கிறார்கள்.

வீட்டில் காலைப் பார்ப்பது

தினமும் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில். ராத்திரி படுக்கும் முன் வசதி, ஏனென்றால் அன்றைய நாளின் கீறல், கொப்புளம் எல்லாம் அப்போது தெரியும். தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் அடிப்பாதம் முழுக்கத் தெரியும். கண் மங்கலாக இருந்தால் வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும்.

விரல் இடுக்குகளில் வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறதா (சேற்றுப்புண் இப்படித்தான் தொடங்கும்), குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்திருக்கிறதா, ஆணி விழுந்த இடத்துக்கு அடியில் கருஞ்சிவப்பாகத் தெரிகிறதா, நகத்தைச் சுற்றி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணிக்கு அடியில் நிறம் மாறியிருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கிறது, உள்ளே புண் உருவாகிக்கொண்டிருக்கலாம். பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாக, வீங்கி, வலியில்லாமல் இருந்தால் எலும்பு நொறுங்கும் சார்க்கோ நிலையாகவோ தொற்றாகவோ இருக்கலாம். அந்தக் காலில் எடை வைப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு பாதங்களும் கதகதப்பாக, சிரைகள் புடைத்து இருந்தால் ரத்த ஓட்டம் பிரமாதம் என்று தோன்றும். தானியங்கி நரம்புகள் கெட்டுப்போனால் தமனி ரத்தம் நுண்குழாய்களுக்குப் போகாமல் குறுக்கு வழியில் நேரே சிரைக்குத் தாவிவிடும். தோல் சூடாக இருக்கும், திசு பட்டினி கிடக்கும். அதோடு வியர்வை நின்று பாதம் வறண்டு வெடிக்கும். கதகதப்பான, வறண்ட, மரத்த பாதத்தை ஆரோக்கியமான பாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. படுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓய்வெடுங்கள். காலின் கட்டை விரலை மேல்நோக்கி மடக்கினால் பாதத்தின் மேல் ஒரு நரம்புபோல் தசைநார் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், பாதத்தின் நடு மேட்டில், இரண்டு விரல் நுனிகளை மென்மையாக வையுங்கள். அழுத்தினால் நாடி நசுங்கி மறைந்துவிடும். கையின் கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு, குழப்பும். இரண்டாவது நாடி உட்பக்கக் கணுக்கால் மேட்டுக்குப் பின்னால், சற்றுக் கீழே, குதிகால் தசைநாருக்கு முன்னால் இருக்கும். பாதத்தின் மேல் நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது, அது மட்டும் கிடைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். ஒரே காலில் இரண்டும் கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் நுனியை அழுத்தி விட்டு எத்தனை நொடியில் சிவக்கிறது என்று பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தமனி அடைப்பைக் கண்டுபிடிக்க அது நம்பகமான வழியில்லை.

பிரஷர் மெஷின் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு அளவும், எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வோர் அளவும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது குழாய்களைச் சுருக்க வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆஞ்சியோ (மருந்து செலுத்தி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) எதிலும் தெரியாத கோளாறு இது. காலையில் எழுந்ததும் கண் இருட்டி விழுகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை. பிரஷர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் இதை வைத்துத்தான் மருத்துவர் மாற்றுவார், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிளினிக்கில் காலுக்குக் கேட்க வேண்டியவை

கால் சோதனை வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும். உணர்ச்சி குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை. உணர்ச்சிக் குறைவோடு அடைப்போ பாத வடிவக் கோளாறோ சேர்ந்திருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்தவர்களும் விரல் எடுத்தவர்களும் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை.

முதலில் உணர்ச்சி. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பார்த்துக்கொண்டே சொன்னால் சோதனை வீண். தடித்த ஆணிமேல் அழுத்தினால் யாருக்கும் தெரியாது, அதனால் ஆணியைத் தவிர்த்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சென்னையின் சர்க்கரை மையங்களில் பயோதீசியோமீட்டர் பரவலாக இருக்கிறது. அதிர்வை எத்தனை வோல்டில் உணர்கிறீர்கள் என்று அது அளக்கும். 25-க்கு மேல் போனால் பாதப் புண் வரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஏபிஐ. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் கிடைக்கும் எண். நன்றாகச் செய்யப்படுகிறதா என்று நீங்களே கவனிக்கலாம். பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்திருக்க வேண்டும். இரண்டு கைகளிலும் அளக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும், பேனா அளவு டாப்ளர் கருவியை நாடிமேல் வைத்து, சத்தம் நின்றபின் இன்னும் 20 மி.மீ. ஏற்றி, மெதுவாகக் காற்றை இறக்கி, சத்தம் திரும்ப வரும் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் மேலே சொன்ன இரண்டு நாடிகளிலும் எடுக்க வேண்டும்.

கணக்கு இப்படி. வலது கை 138, இடது கை 144 என்றால், பெரிய எண்ணான 144-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலது காலில் 118, 112 என்றால் பெரியது 118. 118-ஐ 144-ஆல் வகுத்தால் 0.82. ஏபிஐ 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தக் காலுக்கு வரும் தமனியில் அடைப்பு. 0.91 முதல் 0.99 எல்லைக்கோடு. 1.0 முதல் 1.4 வரை இயல்பு.

இடது காலில் 216 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 216-ஐ 144-ஆல் வகுத்தால் 1.5. இதைப் பார்த்து ‘ரத்தம் நல்லா போகுது’ என்று அனுப்பிவிடுவது சர்க்கரை நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. கால்சியம் படிந்து விறைத்த தமனியைப் பட்டையால் நசுக்க முடியாததால்தான் எண் ஏறுகிறது. உள்ளே அடைப்பு இருந்தாலும் இந்த எண் அதை மறைத்துவிடும். இந்த விறைப்பு லேசாக இருந்தால், அடைப்புள்ள காலே 1.0, 1.1 என்று இயல்பாகக் காட்டிவிடும். அதனால்தான் நாடி கிடைக்காதவர்களும் புண் உள்ளவர்களும் ஏபிஐயோடு நிற்கக் கூடாது. கால் கட்டைவிரலின் தமனி அவ்வளவாக விறைப்பதில்லை. அங்கே சின்னப் பட்டை போட்டு அளக்கும் டிபிஐ வேண்டும் என்று கேளுங்கள். அதே காலில் விரல் பிரஷர் 72 என்றால், அதைக் கை பிரஷரான 144-ஆல் வகுக்க, டிபிஐ 0.5. 0.7-க்குக் கீழே என்றால் ரத்தம் குறைவு. ஏசி குளிரில் விரல் தமனி சுருங்கி எண் தப்பாக இறங்கும், பாதத்தைப் போர்வையால் மூடிச் சூடாக்கியபின் எடுக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் சிகரெட் கூடாது.

எண்கள் சந்தேகமாக இருந்தால் டாப்ளர் ஸ்கேன். சீட்டில் ‘கால் டாப்ளர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்கேன் சென்டரில் போய் நிற்கும் முன் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆர்ட்டீரியல் டாப்ளர் காலுக்குப் போகும் ரத்தத்தைப் பார்க்கும். வீனஸ் டாப்ளர் திரும்பி வரும் சிரையை, அதாவது ரத்தக்கட்டியையும் வெரிகோஸையும் பார்க்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று வீட்டுக்கு வருவது வீண் செலவு மட்டும் இல்லை, ஆபத்தான நிம்மதியும்கூட. ரிப்போர்ட்டில் தேட வேண்டிய சொல் ‘ட்ரைஃபேஸிக்’. ஆரோக்கியமான கால் தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று அலைகள் இருக்கும். ‘மோனோஃபேஸிக்’ என்று தாழ்வான ஒற்றை அலையாக இருந்தால் அதற்கு மேலே எங்கோ அடைப்பு. ரிப்போர்ட் முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால்வரை ஒவ்வொரு தமனியையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரலுக்குக் கேட்க வேண்டியவை

ஸ்கேனில் வரும் கிரேடு 1, 2, 3 எல்லாம் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் சொல்லும். வடு இருக்கிறதா, ரத்தம் தடுமாறுகிறதா என்று சொல்லாது. வடு அதிகமாகும்போது கொழுப்பு குறைந்து கிரேடு இறங்குவதும் உண்டு, அதைப் பார்த்து நிம்மதியடைய முடியாது.

முதல் படி செலவில்லாதது, வடு இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் ஃபைப்-4 கணக்கு. கையில் இருக்கும் ரத்த ரிப்போர்ட்டே போதும். வயதையும் எஸ்ஜிஓடியையும் (இதுவும் ஈரல் ரத்தச் சோதனையில் வரும் எண்தான்) பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தோடு பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். நம் ஊர் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 1,80,000 என்றோ 1.8 லட்சம் என்றோ இருக்கும். கணக்கில் 180 என்று போட வேண்டும். 1.8 என்று போட்டால் விடை நூறு மடங்கு ஏறி வீட்டில் எல்லாரையும் பதற வைக்கும்.

வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 180. 52 × 48 = 2496. 64-இன் வர்க்கமூலம் 8; 180 × 8 = 1440. 2496 ÷ 1440 = 1.73. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய வடு இருக்க வாய்ப்பு குறைவு, ஓரிரு ஆண்டில் மறுபடி பார்த்தால் போதும். 2.67-க்கு மேல் என்றால் ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த உதாரணம்போல் நடுவில் வந்தால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 1.3-க்குப் பதில் 2.0. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது. டெங்கு, வைரல் காய்ச்சல் வந்த வாரத்து ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்கிடாதீர்கள், அப்போது பிளேட்லெட் இறங்கி எஸ்ஜிஓடி ஏறியிருக்கும்.

ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டதும் குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் பெருகி வந்து ஈரல் விறைக்கும், எண் பொய்யாக ஏறும். சரவண பவனில் டிபன் முடித்துவிட்டுப் போனால் இல்லாத வடுவை இருப்பதாகக் காட்டிவிடலாம். பத்து அளவுகள் எடுத்து நடு எண்ணைத் தருவார்கள். பக்கத்திலேயே, அந்த அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் ஐக்யூஆர் என்ற சதவீதம் இருக்கும். எண் பெரிதாக இருந்து, அந்தச் சதவீதமும் 30-க்கு மேல் போனால் அந்த ஸ்கேனை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உடல் பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் புரோப் வேண்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 12-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். 25-ஐத் தொட்டால் போர்ட்டல் அழுத்தம் ஏறியிருக்கும் என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை பேசுவார்கள். 20-க்குக் கீழே இருந்து பிளேட்லெட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாம்.

பிளேட்லெட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டை விழுங்கத் தொடங்கும். ஆண்டுக்கு ஆண்டு 2.4, 2.0, 1.6, 1.3 லட்சம் என்று இறங்கிக்கொண்டே வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடத் தோன்றும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்து மருத்துவருக்குக் காட்டுங்கள். அதே வீங்கிய மண்ணீரல் சிவப்பணுக்களையும் சீக்கிரம் அழிப்பதால் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வீட்டுக் கருவியில் 220 வரும்போது ஏ1சி 6.1 என்றால் மகிழ வேண்டாம், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்க வேண்டும்.

வடு இருப்பதாகத் தெரிந்தால் போர்ட்டல் டாப்ளர் கேட்கலாம். இதற்கு ஆறு மணி நேர வெறும் வயிறு. ரிப்போர்ட்டில் போர்ட்டல் சிரையின் அகலம் (13 மி.மீ.க்கு மேல் என்றால் கவனம்), ரத்தத்தின் வேகம், ஈரலை நோக்கிப் போகிறதா திரும்பி வருகிறதா, மண்ணீரலின் நீளம் ஆகியவை இருக்க வேண்டும். ஈரல் சிரையிலும் இயல்பான அலை ட்ரைஃபேஸிக்தான். கொழுப்பு நெருக்கும்போதே அது தட்டையாகத் தொடங்கும், வடு ஏறினால் இன்னும் தட்டையாகும். அலை தட்டை என்பதை வைத்து மட்டும் சிரோசிஸ் (ஈரல் முழுக்க வடு ஏறிய நிலை) என்று முடிவுகட்டக் கூடாது. ஆழமாக மூச்சிழுத்து முக்கிப் பிடித்தாலே நல்ல ஈரலிலும் அலை தட்டையாகும். இயல்பாக மூச்சுவிட்டு லேசாக நிறுத்தச் சொன்னார்களா என்று நினைவில் வையுங்கள்.

கண்ணில் மருந்து விட்டுப் பார்க்கும் விழித்திரைச் சோதனையும், சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் (30-க்குக் கீழே இயல்பு) வருடத்துக்கொரு முறை. நுண்குழாய்களின் நிலையைக் காட்டுபவை இவை இரண்டும்.

எங்கே போவது

சென்னை சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைக்குத் தனித் துறை இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஈரல், குடல் சிகிச்சைக்கு நீண்ட அனுபவம் உண்டு. விழித்திரைக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக ஆண்டுச் சோதனைக்குப் போவதை விட்டுவிடக் கூடாது. புறநோயாளிச் சீட்டோடு பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, முதல்வர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துப்போங்கள்.

ஓட்டத்தைக் கூட்டுவது

தமனி அடைப்பால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறவர்களுக்கு நடையே மருந்து, ஆனால் முறை உண்டு. வலி வரும்வரை நடந்து, வலி நன்றாகப் பிடித்ததும் நின்று, முழுக்கத் தணிந்தபின் மறுபடி நடக்க வேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்து 30 முதல் 50 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம் விடாமல். வலி வந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுகிறவர்களுக்குப் பலன் குறைவு. பாதத்தில் புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே வலித்தாலோ இந்தப் பயிற்சி கூடாது. மெரினா, பெசன்ட் நகரில் நடப்பவர்கள் நடைபாதையில் நடங்கள். கால் மரத்தவர்களுக்கு மணல் ஆகாது; கிளிஞ்சலும் கண்ணாடித் துண்டும் குத்தினால் தெரியாது.

ஈரலுக்கு எடைக் கணக்கு தெளிவானது. 80 கிலோ எடையில் 4 கிலோ குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும். 5 முதல் 6 கிலோ குறைந்தால் அழற்சி தணியும். 8 கிலோ குறைந்தால் வடுவே பின்வாங்க வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் முதல் ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எண்ணெயைவிடச் சோறும் சர்க்கரை போட்ட பானமும்தான் பெரிய சிக்கல். மூன்று கரண்டிச் சோறு ஒன்றரை ஆகட்டும், அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் முட்டையோ மீனோ ஏறட்டும். ரோஸ் மில்க், பாட்டில் ஜூஸ், கடை சர்பத்தை நிறுத்துங்கள். சாயங்காலப் பசிக்குச் சுண்டல் நல்லது. சர்க்கரையில்லாத காபியால் ஈரலுக்குக் கெடுதல் இல்லை. மது வேண்டவே வேண்டாம். சீந்தில் பொடி, மஞ்சள் கேப்சூல் இரண்டிலும் ஈரல் பழுதடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ‘ஈரல் டானிக்’ என்று எதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஃபேட்டி லிவர் இருக்கிறது என்று பயந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினை நிறுத்துவது தவறு. சிரோசிஸ் முற்றாதவரை அது ஈரலுக்குப் பாதுகாப்பானது, காலுக்கும் இதயத்துக்கும் தேவையானது. மெட்ஃபார்மின் சர்க்கரையைக் குறைக்கும், ஈரல் வடுவைக் குறைக்காது. செமாக்ளூடைடு ஊசி ஈரல் அழற்சியைக் குறைப்பதோடு, சர்க்கரை நோயாளிகளின் கால் தமனி அடைப்பில் நடக்கும் தூரத்தைக் கூட்டுவதாகவும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. எடை வேகமாக இறங்கும் என்பதற்காகக் கடையில் நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கும்போது விழித்திரைக் கோளாறு மோசமாகலாம் என்பதால் முதலில் கண்ணைக் காட்ட வேண்டும்.

வெயிலும் மழையும்

சென்னையில் பாதத்தைக் கெடுப்பவை இரண்டு பருவங்கள். கத்திரி வெயிலில் கோயில் பிராகாரக் கல் அடுப்பாகக் காயும். மரத்த பாதத்தில் சூடு தெரியாமல் சுற்றி வந்து, வீட்டில் பார்த்தால் அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம். கபாலீசுவரர் கோயிலுக்கோ பார்த்தசாரதி கோயிலுக்கோ காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்தபின் போங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தெருத் தண்ணீரில் இறங்கினால் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்திப் பாருங்கள். புண் இருப்பவர்கள் இறங்கவே கூடாது.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) அடித்தட்டும் குதிகாலுக்குப் பின்வாரும் உள்ள செருப்பு பொருந்தும். விரலால் கவ்விப் பிடிக்கும் செருப்பு மரத்த காலிலிருந்து கழன்று விழுந்தாலும் தெரியாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பாருங்கள், நீளத்தில் 1 முதல் 2 செ.மீ. இடம் இருக்கட்டும். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது, விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்ப் பை, ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப் மூன்றும் வேண்டாம். கார்ன் கேப்பில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

புண் வந்துவிட்டால்

சுத்தமான தண்ணீரில் கழுவி, உலர்ந்த காஸ் துணியால் மூடி, அந்தக் காலில் நடப்பதைக் குறைத்து, மறுநாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். புண்ணின் ஆழத்தையும் நிறத்தையும் மறைத்துவிடும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்: கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலிப்பது (முதல் ஆறு மணி நேரம் காலைக் காப்பாற்றும் நேரம்), விரல் கறுப்பது, சிவப்பு மேலேறிக் காய்ச்சல் வருவது, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், ஈரல் நோயாளி நிலை தடுமாறிப் பேசுவது. 108-க்கு அழைத்து, சர்க்கரை நோயாளி, ஈரல் கோளாறும் உண்டு என்று சொல்லுங்கள். ராத்திரி படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் குறைகிறது என்றால் அது வாத வலி இல்லை. ஓய்விலேயே ரத்தம் போதவில்லை. அந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டும் என்று சொன்னால், உயிருக்கு ஆபத்தான தொற்று இல்லாத நிலையில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கால் கட்டைவிரல் பிரஷர் எவ்வளவு? ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டாரா? விரல் பிரஷர் 30-க்குக் கீழேயோ கணுக்கால் பிரஷர் 50-க்குக் கீழேயோ இருந்தால் முதலில் ஆஞ்சியோகிராம் எடுத்து ஓட்டத்தைத் திறக்க முடியுமா என்று அவசரமாகப் பார்க்க வேண்டும். எண்கள் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நல்ல சிகிச்சை செய்தும் நான்கு முதல் ஆறு வாரத்தில் புண் சுருங்கவில்லை என்றாலும் இதையே கேட்கலாம். முழங்காலுக்குக் கீழே அடைபட்ட தமனியை பலூன் வைத்துத் திறந்தபின் விரலை மட்டும் எடுத்தால், வெட்டிய இடம் ஆற ரத்தம் இருக்கும். திறக்காமல் எடுத்தால் வெட்டிய இடமே அடுத்த புண்ணாகி, அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று வெட்டு ஏறிக்கொண்டே போகும். ஆஞ்சியோவுக்கு முன் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதையும், ஈரல் நோயால் பிளேட்லெட் குறைந்திருந்தால் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடைப்பைத் திறந்தபின் கொடுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எவ்வளவு காலம், எத்தனை வகை கொடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.